அரைப்படியின் விசில்

முதலில் வேலை, பிறகு விசில், அதன் பிறகு முக்காலி. கேளிக்கைப் பூங்காவில் இந்த மூன்றையும் அரைப்படி போராடித்தான் வாங்கினாள். வீட்டுக்குக் கடைக்குட்டி; அரைப்படி என்பது உயரத்தைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர். ரோலர் கோஸ்டர் வாசலில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது, "கூட்டத்துல நீ நிக்கறதே தெரியாதேம்மா" என்றார் மேலாளர். "அதான் சார் வசதி. அவங்க என்னப் பாக்கறதுக்குள்ள நான் அவங்களப் பாத்துடுவேன்." மூன்று மாதம் தற்காலிகமாகப் பார்க்கலாம் என்றார் அவர்.

வாசலில் ஓர் உயரப் பலகை. அதன் சிவப்புக் கோட்டைத் தலை தொடாவிட்டால் வண்டியில் ஏற்றக் கூடாது. அரைப்படியின் தலையே கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேதான். உயரம் போதாமல் அழுகிற பிள்ளையைக் கண்டால், செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் முதுகை ஒட்டி நிற்பாள். "பாரு, தெனம் இங்கதான் கெடக்கறேன். என்னையே ஏத்த மாட்டேங்கறாங்க." பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்க்கும். சில சமயம் கையிலிருக்கும் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போகும்.

பெரியவர்களுக்கு வேறு வைத்தியம். வரிசையில் இடித்து முன்னேறுகிறவனை அவள் அதட்டுவதே இல்லை. அவன் கையிலேயே விசிலைக் கொடுத்து வரிசையை ஒப்படைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அவன் சொந்த மாமனாரையும் முன்னே விட மாட்டான். "சட்டம் பேசினா சண்டைக்கு வருவாங்கண்ணே. பதவி குடுத்துப் பாரு" என்பாள் வீட்டில் அண்ணனிடம்.

மூன்று மாதம் முடிகிற நாள் வந்தது. நிரந்தரமா, வீடா என்று மாலையில் சொல்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். அன்று பார்த்து முதலாளியின் மச்சான் தன் மகனோடு வந்து, வரிசைக் கயிற்றைத் தூக்கி நுழைந்து நேராக முன்னால் நின்றார். பையன் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. ஏற்றினால் இருக்கையின் தோள் கம்பி அவனைப் பிடிக்காது. மறுத்தால் அவள் வேலை தங்காது.

அரைப்படி கும்பிட்டாள். "நல்ல நேரத்துல வந்தீங்க சார். இந்த ஜனம் என் பேச்சுக்கு எங்க அடங்குது? உங்கள மாதிரி ஒருத்தர் நின்னாத்தான் சரிப்படும்."

விசில் கைமாறியது. மச்சான் வரிசையை நூல் பிடித்தாற்போல் நிறுத்தினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பலகையில் நிறுத்தி அளந்தார். ஒரு சிறுமியின் சுருட்டை முடியை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டார். பிறகு அவர் மகனின் முறை. குதிகாலைத் தூக்கி எக்கி நின்றான். சிறுமியின் அம்மா அங்கிருந்து நகரவே இல்லை.

"முடிய அமுக்கி அளங்க சார். எம் பொண்ணுக்கு அப்படித்தான அளந்தீங்க."

வரிசை மொத்தமும் அவர் கையையே பார்த்தது. மச்சான் அமுக்கினார். குதிகாலும் இறங்கியது. "அடுத்த வருஷம் வாடா" என்றவர், கௌரவத்துக்கு ஒருமுறை விசிலையும் ஊதினார்.

மாலையில் அரைப்படி மேலாளர் அறைக்குப் போனபோது அங்கே மச்சானும் உட்கார்ந்திருந்தார். "அந்த வாசலுக்கு இவளையே போடுங்க. நான்தான் பழக்கி விட்டிருக்கேன்" என்றார் மச்சான். ஆமாம் சார் என்று அவளும் தலையாட்டினாள். விசிலை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

வண்டி ஓடலாம் என்று தினமும் காலையில் வாசல் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். தற்காலிக ஆள் போடக் கூடாது; அதுவரை மேற்பார்வையாளர்தான் போட்டுவந்தார். மறுநாள் தாள் அவள் முன்னால் வந்தது. அலுவலகக் கவுண்டர் அவள் தோளுக்கு இருந்தது. மேற்பார்வையாளர் தாளைக் கீழே இறக்கித் தரக் கையை நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, வாசலுக்குப் போய்த் தன் முக்காலியைத் தூக்கி வந்து போட்டாள். ஏறி நின்று, வீட்டில் யாரும் கூப்பிடாத தன் சொந்தப் பெயரை அந்தத் தாளில் முதல்முறையாக எழுதினாள். பக்கத்தில் தேதி: ஜூன் 11.