முதல் பக்கத்திலிருந்து

பரீட்சைக்கு எவ்வளவு படித்தால் போதும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. அது என் அண்ணனை என்ன செய்தது என்று நான் கூடவே இருந்து பார்த்தேன்.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டிகளில் தோலை ஊறப்போட்டு எடுப்பது அவர் வேலை. ஊறிய தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிப் பார்ப்பார். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பட்டைச் சாறு உள்ளே ஏறவில்லை என்று அர்த்தம். அந்தத் தோல் மறுபடி தொட்டிக்குப் போகும். அதில் அவர் கெட்டிக்காரர். அண்ணனையும் அதே கண்ணால் பார்த்ததுதான் வினை.

அண்ணன் அப்போது ஆறாம் பாரம், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அந்த வருடம் பெரிய பரீட்சை. தேறினால் குமாஸ்தா வேலை, இல்லாவிட்டால் அவனுக்கும் தொட்டிதான். எங்கள் தெருவில் அதுவரை ஒருவரும் அந்த வகுப்பை எட்டியதில்லை. புத்தகமெல்லாம் இங்கிலீஷ். அப்பாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டாம் பாரம் படித்த நான் எழுத்துக் கூட்டுவேன், அதனால் புத்தகம் என் கையில். தினமும் சாயங்காலம் அப்பா ஷாப்பிலிருந்து வந்ததும் அண்ணன் சுவரைப் பார்த்து நின்று சரித்திரப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிப்பான். ஒரு வார்த்தை தடுக்கினாலும் நான் "தப்பு" என்று சொல்ல வேண்டும்.

"வெள்ளை தெரியுது" என்பார் அப்பா. "மொதல்லேருந்து சொல்லு."

"தப்பு" என்று சொல்வதில் எனக்கு அற்ப சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன்?

மாசி பிறக்கும்போது அண்ணன் தடுக்குவதே இல்லை. ஆனால் சாப்பிடும்போதும் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அம்மா குழம்பு வேண்டுமா என்று கேட்டால் ஒரு பத்தி முடிந்த பிறகுதான் தலையாட்டுவான்.

"புள்ள ஒரு மாதிரியா இருக்கான். கொஞ்சம் ஆத்துப் பக்கம் போய்ட்டு வரட்டுமே" என்றாள் அம்மா.

"பரீட்சை முடியட்டும்" என்றார் அப்பா.

ஒரு நாள் அப்பா இல்லாதபோது, விளையாட்டாகப் புத்தகத்தின் நடுவில் விரலை விட்டுத் திறந்து ஒரு வரி படித்தேன். "இதுக்கு அப்புறம் இன்னாண்ணா?"

அவன் என்னையே பார்த்தான். உதடு ஓடத் தொடங்கியது. உற்றுப் பார்த்தேன், முதல் பக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அம்மா அடுப்பு மூட்டினாள், உலை வைத்தாள், சோறு வடித்தாள். அதற்குப் பிறகுதான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து அடுத்த வரியைச் சொன்னான். சட்டை நனைந்திருந்தது.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றான். "நடுவுல நுழைய வரலை எனக்கு. வழி தெரிய மாட்டேங்குது."

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

சரித்திரப் பரீட்சை கடைசி நாளில் வந்தது. என்றைக்கும் லீவு போடாத அப்பா அன்று லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். அண்ணன் விரலெல்லாம் மசியோடு வந்தான்.

"எல்லாம் எழுதினியா?"

"கை நிக்கவே இல்லப்பா. ஒரு எழுத்து தப்பு கிடையாது."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்கு மட்டும் பயம் விடவில்லை. முதல் கேள்வி என்ன என்று கேட்டேன். சொன்னான். அது அறுபத்திரண்டாம் பக்கம்.

"நீ எது வரைக்கும் எழுதின?"

"இருபத்தி நாலாம் பக்கம் முடிச்சேன். மணி அடிச்சிட்டாங்க."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு விளங்கவில்லை. நான்தான் விளக்கினேன். நடுவில் கேட்டால் அவனால் சொல்ல முடியாது என்று எனக்கு முன்னமே தெரியும் என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவர் நெடுநேரம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாப்பில் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே பார்வை.

பிறகு உள்ளே போய் மாடத்திலிருந்த சரித்திரப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"இன்னும் உள்ள ஏறலை. அடுத்த வருசம் எழுதட்டும்."

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்குள் அண்ணன் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.