தலைகீழாய் நின்ற பொம்மை

எங்கள் வலயத்து விஞ்ஞானக் கண்காட்சிகளுக்கு ஒரு நிரந்தர நடுவர் இருந்தார். கல்விக் கந்தோர் அதிகாரி. பௌதிகவியல் அவருக்குத் தெரியாது, அதைப் பற்றி வாயை மூடவும் தெரியாது. அந்த வருடம் கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றில் நான் இரண்டாம் நடுவர். அதாவது அவருடைய பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன்.

கொடுத்திருந்த தலைப்பு, விண்வெளியில் பாரம் உண்டாக்குவது. இரண்டு விண்கலக் கூடுகளை நீளக் கேபிளால் இணைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர்கள் நிலத்தில் போல நடக்கலாம். வெல்கிற பிள்ளை அகில இலங்கைப் போட்டிக்குப் போகும்.

கடைசியில் மிஞ்சியவை பிள்ளைகளின் இரண்டு மாதிரிகள். ஒன்று, வெள்ளவத்தைக் கடையில் காசு கொடுத்துச் செய்வித்த, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை மாளிகை. மினுங்கும் நீல பல்புகள் வேறு. பலகையோடு ஒட்டியிருந்ததால் சுழலவே சுழலாது. பொம்மைகள் கலியாண வீட்டில் படம் எடுக்க நிற்பதுபோல நிமிர்ந்து நின்றன. அதிகாரி அதைப் போனில் நாலு தரம் படம் எடுத்தார்.

மற்றது துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள் செய்தது. கேபிளுக்குப் பதில் ஒரு சைக்கிள் சில்லுக் கம்பி, இரு முனையிலும் மீன் டின்கள், நடுவில் ஆணி. அழகாகச் சுழன்றது. பொம்மைகளின் கால்கள் வெளிப்பக்கம், தலைகள் நடுவை நோக்கி. கம்பி நிமிர்ந்து நின்றபோது மேல் டின்னின் பொம்மை தலைகீழாகத் தெரிந்தது.

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏன் பிள்ளை, உம்மட ஆள் தலைகீழா நிக்கிறார்?”

“சுத்தும்போது அவருக்கு வெளிப்பக்கம்தான் கீழ், சேர்.”

“எனக்கே படிப்பிக்கிறீரோ? என்ன மாஸ்டர், இது பிழைதானே?”

தெமட்டகொடையில் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு வெள்ளவத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் வேண்டியிருந்தது. விண்ணப்பம் அவருடைய மேசையில் கிடந்தது. மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டே “ஓம் சேர்” என்றேன். புள்ளித் தாளில் கையெழுத்தும் வைத்தேன். அந்த மனிதருக்காவது தெரியாது. பிள்ளை செய்ததுதான் சரி என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்திலேயே கேவலமான ஆள் நான்தான்.

ரெஜிபோம் மாளிகைக்கு முதல் பரிசு கிடைத்தது.

நான் பட்டிஸ் தின்றுகொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை தன் டின்களோடு வந்தாள். அழுதிருக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீங்க பிசிக்ஸ் சேராமே. அவர் சொன்னப்போ நான் நம்பல்ல. நீங்களும் சொன்ன பிறகுதான் விளங்கிச்சு,” என்றாள். மேல் டின்னின் பொம்மையைப் பிய்த்து, கால்கள் நடு ஆணியைப் பார்க்க நிமிர்த்தி ஒட்டியிருந்தாள்.

“இப்ப சரிதானே சேர்?”

“சரி,” என்றேன்.