தண்ணீர் குடிக்காமல் வாசித்தவர்

தொப்!

போன செவ்வாய்க்கிழமை காலை. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த முதல் பஸ், எங்கள் ஊர் விலக்கில் நிற்காமலே பேப்பர் கட்டை வீசிவிட்டுப் போனது. கரிசல் புழுதி ஒரு முழம் எழும்பி அடங்கியது. அதன் பின்னாலேயே அந்த வாசம்... ஈரம் காயாத அச்சு மை வாசம். சிலருக்கு மல்லிகை, சிலருக்கு மண். எனக்கு இது.

ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு மதுரைக்குத் திரும்ப நின்றிருந்தேன்.

“யாரு... தம்பியா?”

திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அந்தக் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். செல்லையா அண்ணன்! சைக்கிள் வாடகைக் கடைக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கண்ணில் இப்போது சோடாப்புட்டிக் கண்ணாடி.

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். ஏன் என்கிறீர்களா? பதின்மூன்று வருடப் பாக்கி ஒன்று இருக்கிறது. பணப் பாக்கி இல்லை. ஒரு சொல்.

அப்போது அவர் கடையை ஒட்டி ஒரு படிப்பகம் நடத்தினோம். அவரும் நாங்கள் நாலு பேரும். எல்லோரும் சாமி இல்லை என்கிற ஆட்கள். ‘கடவுள் கதைகளுக்கு இங்கே இடமில்லை’ என்று சுவரில் எழுதியது என் கைதான். எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டால் போதும், ஊரே கண்ணில் படாது!

தினமும் காலையில் அண்ணன் நின்றுகொண்டு பேப்பரை உரக்க வாசிப்பார். எழுத்து தெரியாத சனம் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து கேட்கும்.

“ரஷ்யா எங்கிட்டுப்பா இருக்கு?”

“வீரசோழன் ஊருக்கும் அங்கிட்டு. பேசாமக் கேளுங்க!”

தலைப்புச் செய்தியில் ஆரம்பித்துப் பருத்தி விலையில் முடியும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே இருக்கிற ‘நமது நிருபர்’ வரைக்கும் விடாமல் வாசிப்பார். அதைச் சொன்னால்தான் அவருக்குச் செய்தி முடிந்த மாதிரி.

அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. விதைத்த பருத்தி மண்ணுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது. மழை பொய்த்தால் எங்கள் ஊரில் அம்மன் கோயில் வாசலில் மூன்று நாள் சாயங்காலம் மழைக்கதை ஏடு வாசிப்பார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்றைய வாசிப்பு முடியும்வரை வாசிக்கிறவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. பூமிக்கு இல்லாத தண்ணீர் தொண்டைக்கு எதற்கு?

இரண்டாம் நாளே, வாசித்த பூசாரிக்குக் குரல் கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. பாதியில் நின்ற ஏடு ஊருக்கு ஆகாது என்பார்கள். மூன்றாம் நாள் காலை இருளாயி அக்கா படிப்பக வாசலில் வந்து நின்றாள். ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்காரி. பருத்தி விலை கேட்கத் தவறாமல் வருகிறவள்.

“ஏப்பா செல்லையா, மிச்சத்த நீ வந்து வாசி.”

“அக்கா, அவுகளுக்குச் சாமியே கிடையாது!” நான்தான் சிரித்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “எனக்குச் சாமி இருக்கு, குரல் இல்ல. உனக்குக் குரல் இருக்கு. தெனமும் பருத்தி வெல வாசிக்கியே... பருத்தியே இல்லாட்டா வெல எதுக்கப்பா?”

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார்.

சாயங்காலம் போனார். நானும் போனேன்... வேவு பார்க்க. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். உட்கார்ந்து வாசிக்க வராது என்று நின்றுகொண்டே வாசித்தார். இரண்டு மணி நேரம். பக்கத்தில் மூடி வைத்த செம்பு அப்படியே இருந்தது. உதடு வெடித்துவிட்டது. கூட்டத்திலும் ஒருத்தர்கூடத் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் மேகம் கிளம்புகிற இடம் வந்தது.

“...கருமேகம் திரண்டு தெற்கே நகர்ந்தது. நமது நிருபர்!”

பழக்கதோஷம்! வாய் தானாகச் சொல்லிவிட்டது.

யாராவது சிரித்தார்களா? இல்லை. இருளாயி அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். பேப்பரில் வந்துவிட்டால் நிஜம்தானே? மரத்துக்குப் பின்னால் சிரித்தது நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை நாலு பேரும் போனோம். பேசியது நான்.

“சாமிக்கு வாசிச்சிட்டீங்கல்ல? படிப்பகச் சாவியக் குடுத்திருங்கண்ணே.”

“சாமிக்கு எங்க தம்பி வாசிச்சேன்? கேக்க வந்தவுகளுக்கு வாசிச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். எலெக்‌ஷனில் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

மழை? நாலாம் நாள் மல்லாங்கிணறு பக்கம் கொட்டித் தீர்த்தது. எங்களுக்குத் தூறல்தான். “குரல் கூடிப்போச்சு. மேகம் தாண்டிப் போயிருச்சு” என்றாள் இருளாயி அக்கா. அந்தத் தூறலில் பாதிப் பருத்தி முளைத்தது. மீதியை மறுபடி விதைத்தாள்.

அப்புறம் பேப்பர் வாசித்தது நான். என் குரல் நாலாவது ஆளுக்கு எட்டாது. பத்தே நாளில் பெஞ்சு காலி. பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. படிப்பகம் பூட்டியே கிடந்தது. சாவி என் டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டது.

நம்பிக்கை இல்லாதவர் தாகத்தோடு நின்றார். கொள்கை உள்ள நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். யார் பகுத்தறிவாளர், சொல்லுங்கள்!

“கண்ணு மங்கிப் போச்சு தம்பி,” என்றார் அண்ணன், பேப்பரை நீட்டி. “வாசிங்களேன்.”

வாசித்தேன். “சத்தமா... சத்தமா...” என்றார். தலைப்புச் செய்தி, தேர்தல், ரயில் விபத்து, பருத்தி விலை. கேட்டுக்கொண்டே இருந்தவர், நான் முடித்ததும் மெல்ல, “நமது நிருபர்...” என்றார். எனக்குத்தான் விட்டுப்போயிருந்தது.

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

“அண்ணே... அன்னைக்கு உங்ககிட்ட சாவிய வாங்கினது தப்புண்ணே!”

பஸ் நகர்ந்தது. அவர் கூடவே நாலு எட்டு வந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது... முப்பது பேருக்குக் கேட்கிற குரல்.

“அட போங்க தம்பி! அந்தப் பூட்டு ரெண்டு தட்டு தட்டினா சாவியில்லாமலே தெறக்கும். கேட்டு வந்த பிள்ளைக, வெறுங்கையோட போகக் கூடாதேன்னுதான் குடுத்தேன்!”