பச்சைக் கதவு வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ்

கவாகிப் தன் ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பஸ்ரா வெயிலில் தண்ணீர்த் தொட்டி காய்ந்தால் லாரிக்காரனோடு சண்டைக்குப் போவது அவள்தான். ஜெனரேட்டர் நின்றால் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கயிற்றை இழுப்பதும் அவள்தான். காலையில் எங்கள் பெண்கள், பெஞ்சுக்கு நாலு பேர். மத்தியானம் அதே கட்டடத்தில் முஹைபிஸ் சார் நடத்தும் சின்னப் பையன்கள் பள்ளி. இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் கேட் ஒன்றுதான். நான், உம்மு ஸஜா, அதாவது ஸஜாவின் அம்மா, அவளுக்கு அடுத்த உதவி ஹெட்மிஸ்ட்ரஸ். வேலை அவளுக்கு, வாய் எனக்கு என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்பதாம் வகுப்பு அரசுத் தேர்வில் பிடித்தது சனியன். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, முக்காட்டுக்குள் காதில் கடுகளவு கருவியை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து யாரோ சொல்லச் சொல்ல விடை எழுதினாள். புதிதாக வந்த ரீஹாம் டீச்சர் முக்காட்டை விலக்கிப் பிடித்துவிட்டாள். அறையில் இருந்த அத்தனை பேரும் பெண்கள்தான். ஆனால் என்ன? காப்பியடித்தது அந்த வீட்டாருக்கு அவமானமில்லை. முக்காட்டில் கை பட்டதுதான் அவமானம்.

மேலிடத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தாள் கவாகிப்.

"முக்காட்டை விலக்கினது நான்தான்னு எழுதறேன்" என்றாள்.

"அடியே, புடிச்சது ரீஹாம் ஆச்சே!"

"அவ சின்னப் பொண்ணு. அப்பா இல்ல, அண்ணன் தம்பி இல்ல. அவளுக்காக எந்த ஆம்பளை பஞ்சாயத்துல போய் உக்காருவான்? சும்மா இரு, உம்மு ஸஜா."

அந்த வாரமே பெண்ணின் சித்தப்பா வந்தார். மரியாதையாகத்தான் வந்தார். நாங்கள் கொடுத்த டீயைத் தொடவில்லை. எங்கள் ஊரில் டீயைத் தொடாமல் எழுந்தால் வந்த காரியம் தீரவில்லை என்று பொருள்.

"அறிக்கையத் திரும்ப வாங்கிக்குங்க மேடம். ரெண்டு வீட்டுக்கும் நல்லது."

"வாங்கினா, அறிக்கை பொய்யான்னு விசாரணை வரும். என் டீச்சருங்கள ஒவ்வொருத்தரா கேப்பாங்க. முடியாது." கேட்டால் ரீஹாம் பேர் வெளியே வந்துவிடும் என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை கேட்டில் சிவப்புப் பெயிண்டில் இருந்தது: 'கோத்திரம் தேடுகிறது.' பெரியவர்கள் போய்ச் சமாதானம் பேசாவிட்டால் துப்பாக்கி வரும் என்று அர்த்தம். யாரைத் தேடுகிறது என்று எழுதவில்லை. பெண்கள் அதைப் படித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

போலீஸ்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டால், "நீங்களே பேசித் தீத்துக்குங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள். தண்ணீருக்கும் அதே பதில், பெஞ்சுக்கும் அதே பதில், உயிருக்கும் அதே பதில். நாசமாய்ப் போக!

மத்தியானம் முஹைபிஸ் சார் எங்களைத் தேடி ஓடி வந்தார்.

"தங்கச்சி, என்கிட்ட படிக்கிறதுங்க எல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. அவனுங்களுக்கு எந்த நேரம் யாரோட பள்ளிக்கூடம்னு தெரியுமா? மத்தியானம் வந்து சுட்டானுங்கன்னா?"

"பயந்தாங்கொள்ளி!" என்றேன் நான். கவாகிப் மட்டும் வெகுநேரம் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலை, சிவப்பு எழுத்துக்குக் கீழே நீலத்தில் இன்னொரு வரி இருந்தது. 'கவாகிப். ஐஸ் ஃபாக்டரி தெரு, பச்சைக் கதவு.' எனக்கு ரத்தம் கொதித்தது. நீலம், முஹைபிஸ் தன் பள்ளி ஜன்னல்களுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பெயிண்ட். அந்த மனுஷன் வந்ததும் அத்தனை பையன்கள் முன்னாலும் அவர் காலடியில் துப்பினேன்.

"உன் தலை தப்பணும்னு ஒரு பொம்பளையக் காட்டிக் குடுத்தியாய்யா? நீயெல்லாம் வாத்தியாரா?"

"சத்தியமா நான் இல்ல, உம்மு ஸஜா." கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். கவாகிப் அன்று காலையோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். புருஷனையும் பிள்ளைகளையும் முந்தின நாளே மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் இரண்டு வண்டிகளில் வந்து பச்சைக் கதவைச் சல்லடையாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது கவாகிப்புக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அதற்குள் அவள் அண்ணன்மார் அந்த வீட்டாரோடு பஞ்சாயத்து பேசி முடித்திருந்தார்கள். அறிக்கை ரத்து. பொய் அறிக்கை எழுதியது அவள்தான் என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். விசாரணை கிடையாது. அந்தப் பெண் பாஸ். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

"எல்லாம் அந்த முஹைபிஸ் பண்ணின வேலை! அவன் கை அழுகிப் போகும்!"

"சபிக்காத" என்றாள். மிச்சமிருந்த வலது கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தாள். நகக்கண்களில் நீலப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"நீயா எழுதின? எழுதிட்டு ஏண்டி வீட்டுலயே இருந்த?" என்றேன்.

"வெறும் வீட்டச் சுட்டா திரும்ப வருவானுங்க, அடுத்த தடவை பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவானுங்க. அதான் வீட்டுலயே இருந்தேன்" என்றாள். "நாளைக்கு மொத வேலையா அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. பசங்க எல்லாரும் நிக்கறப்ப கேளு."