கட்டியதை அவிழ்த்த வருடம்

“ஆபரேஷனை எப்படிப் பண்ணுனாங்க? வெட்டிக் கட்டுனாங்களா, ரிங் போட்டாங்களா?” என்று சேலத்து டாக்டரம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் வயிற்றுக்குள் நடந்த காரியம்தான். பதினான்கு வருடமாக அந்த வயிற்றோடுதான் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். ஆனாலும் உள்ளே என்ன செய்தார்கள் என்று யாரையும் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. பக்கத்து நாற்காலியில் என் கணவர் துண்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் எனக்கு இரண்டாவது கணவர்.

முதல் கணவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்தவர். போர் போட வடக்கே போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவார். இருபத்து நான்கு வயதில் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். “ரெண்டு போதும், நீ தனியா எத்தனையத்தான் பாப்பே” என்று அவர்தான் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆன மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இரண்டும் பெண்ணாக இருக்கும்போதே பண்ணிக்கொண்டாளே என்று உறவில் சிலர் பேசினார்கள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான்கு வருடம் கழித்து வடக்கே ஒரு சாலையில் வண்டி கவிழ்ந்து அவர் போய்ச் சேர்ந்தார். நான் நாமக்கல்லில் ஒரு பெரிய பள்ளிக்கூட விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபது பெண் பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, தலை பின்னி வகுப்புக்கு அனுப்புகிற வேலை. ஒன்பது வருடம் அப்படியே ஓடிற்று.

இவருக்கு நாமக்கல் பக்கம் ஒரு சின்ன முட்டைக்கோழிப் பண்ணை. கல்யாணம் ஆகாமல் நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. எங்கள் பக்கம் நிலம் இருந்தும் பெண் கிடைக்காமல் நின்றுபோன ஆண்கள் நிறையப் பேர். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அந்த அம்மா போன பிறகு, அவருடைய அக்கா என்னைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு, இவரையும் கூட்டிக்கொண்டு பேச வந்தார்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

“எனக்கு ரெண்டு பொண்ணுங்க. ஆபரேஷனும் ஆயிருச்சுங்க. இனிப் பொறக்காது.”

“தெரியுமுங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றார் அவர்.

அந்த ‘ஒண்ணும் இல்லீங்க’வை நம்பித்தான் நான் அவர் ஊட்டுக்குப் போனேன்.

அவர் நல்ல மனிதர். பெரியவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு, சின்னவள் எட்டாவது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. சின்னவள் சுற்றி வளைத்துப் பேசுவாள். பெரியவள் ‘அவங்க’ என்பாள், அவர் எதிரே நின்றாலும். அவர் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் போனது. ஒருநாள் காலையில் பண்ணையில் இருவரும் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“அம்மிணி, அதை மறுபடி சேத்து உட முடியுமாமா?”

“எதைங்க?”

“அதான். கட்டுனதை. நம்ம கோழி டாக்டரு சொன்னாரு.”

“கோழி டாக்டருகிட்டயா கேட்டீங்க? யாருக்குன்னு கேட்டீங்க?”

“மனுசருக்குத்தான்” என்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன்பே கோபமும் வந்தது. “ஒண்ணும் இல்லீங்கன்னு சொன்னீங்களே?”

“அப்ப அப்படித்தான் அம்மிணி இருந்துச்சு. பொய் சொல்லல. இப்ப நீயும் புள்ளைகளும் ஊட்டுல பொழங்கறதப் பாக்கப் பாக்க, என்னமோ...” முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். எனக்கு ஆசையா, இல்லையா? நெஞ்சைத் தொட்டுப் பார்த்தும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் விடுதி வேலையை விடாமல் அறுபது பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இன்னொரு பிள்ளையை நினைத்தாலே இடுப்பு வலித்தது. அதே சமயம் அவர் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது போல ஒரு காட்சி தானாக வந்து நின்றது. அதைத் துரத்தவும் மனம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, வேறு பேச்சுக்கு நடுவே, “சும்மா கேட்டுப் பாத்துட்டு வரலாமுங்க” என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா இருவருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவுகளைப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல முட்டை குறைஞ்சுதான் போகும்” என்றார். என் கணவர், தீவனக்காரர் பேச்சைக் கேட்கிற மாதிரி, “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டினார். பிறகுதான் எந்த முட்டை என்று விளங்கி மறுபடியும் தரையைப் பார்த்தார்.

வழி இரண்டு இருந்தது. கட்டிய கருக்குழாயைத் திறந்து சேர்ப்பது ஒன்று, டெஸ்ட் ட்யூப் இன்னொன்று. வயதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதைத்தான் சொல்லுவேன் என்றார் டாக்டரம்மா. இவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டிலேயே தானாகத் தரிக்க வேண்டும் என்று நினைத்தார். “சேத்தா, கரு குழாயிலேயே தங்கிடற ஆபத்து இருக்கு. நாள் தள்ளிப்போச்சுன்னா உடனே வந்துரணும்” என்று டாக்டரம்மா எச்சரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குக் குழந்தை வேணுமாம்மா?”

“அவருக்கு ஆசைங்க.”

“நான் உங்களைக் கேட்டேன்.”

“ஆமாங்க” என்றேன். அந்த ஆமாங்கவை இன்றைக்கு வரைக்கும் நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாய் என்னுடையது. சொன்னது யார் என்று தெரியவில்லை.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே பெரியவள் பீரோவில் ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்துவிட்டாள். சமையலறையில் நான் பருப்புக் கடைந்துகொண்டிருந்தேன். ஃபைலை மேடைமேல் வைத்தாள்.

“என்னம்மா இது?”

சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

“நாங்க ரெண்டு பேரு போதும்னுதான அன்னிக்குப் பண்ணுனே? இப்ப நாங்க பத்தலையா?”

“அப்படி இல்ல சாமி...”

“அப்பாகிட்ட போதும்னே. அவங்ககிட்ட போதாதுங்கற. நீ எதுலதான் நிப்பே?”

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பருப்பை மறுபடி கடையத் தொடங்கினேன். அவள் நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் டாக்டரம்மா வந்து சொன்னார். பழைய ஆபரேஷனில் வெட்டித்தான் கட்டியிருந்தார்களாம். இடது குழாயில் மிச்சமே இல்லை. வலது பக்கத்தை மட்டும் சேர்த்தாயிற்று. விடுதியில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டிருந்தேன். யார் விசாரித்தாலும் கையைத் தவறான பக்கம் வைத்து விடுவேனோ என்று பயமாக இருந்தது.

அதன் பிறகு தேதி பார்க்கிற வாழ்க்கை. ஸ்கேன் எடுத்துவிட்டு, “இன்னைக்கும் நாளைக்கும்” என்பார்கள். இவர் பண்ணையில் இருந்து நேரத்தோடு வந்து, குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கூச்சம் தெளிந்து ஒருவருக்கொருவர் பழகியிருந்தோம். இந்தத் தேதிகளால் மறுபடி புதியவர்கள் போலானோம். மாதாமாதம் விலக்கு வந்துகொண்டிருந்தது. வந்த அன்றைக்கு எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றம், ஒரு பக்கம் அப்பாடா. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் ஆன ஒன்பதாம் மாதம் எட்டு நாள் தள்ளிப்போனது. மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கி வந்து பார்த்தேன். ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவரிடம் காட்டினேன். வாசலில் வெயிலில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“இது கோடுதான?”

“கோடு மாதிரித்தானுங்க இருக்குது.”

“கோடுதான் அம்மிணி” என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கே சேலம் போனோம். ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா, “கர்ப்பம் இருக்குது. எங்க இருக்குன்னுதான் தெரியல. ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றார். இரண்டு நாள் கழித்துப் போனோம். ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டுகிற எண் ஏறியிருந்தது, ஆனால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. மறுபடி இரண்டு நாள். இப்படியே பத்து நாள் போனது. நான் கர்ப்பிணியா இல்லையா? பப்பாளி சாப்பிடலாமா? பஸ்ஸில் குலுங்கலாமா? சந்தோஷப்பட்டால் தப்பாகுமோ, அழுதால் இருப்பதும் போய்விடுமோ? உள்ளே ஏதோ இருக்கிறது, அது இருக்கிற இடம் மட்டும் அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலையில் குடத்தை எடுக்கக் குனிந்தேன். பெரியவள் வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “தூக்காதே” என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தண்ணீர் அவள்தான் எடுத்தாள். நான் அவளை உட்கார வைத்து, தலை பின்னிவிட்டேன்.

கடைசி ஸ்கேனில் தெரிந்துவிட்டது. சேர்த்துத் தைத்த அதே வலது குழாயில் இருந்தது. விட்டால் வெடித்து உயிருக்கே ஆபத்து, ஊசி போட்டால் கரைந்துவிடும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இவர் முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, அதை அங்கிருந்து எடுத்து, இருக்க வேண்டிய எடத்துல வெக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்கய்யா” என்றார் அவர். கணினியைப் பார்க்காமல் இவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஊசி போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே இவர் எனக்கும் தனக்கும் இளநீர் வாங்கினார். தன்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பஸ் வந்ததும் குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு ஏறினார்.

நான்கு வாரம் கழித்து ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. “நல்ல செய்தி” என்றார் டாக்டரம்மா. நானும் “சரிங்க” என்று தலையாட்டினேன். பிள்ளை செத்தது என்று சொல்ல முடியாது, பிறக்கவே இல்லை. கலைந்தது என்றும் சொல்ல முடியாது, நாங்களே ஊசி போட்டுக் கரைத்தோம். விடுதிப் பிள்ளைகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றால், அழுகை வரவில்லை. வரிசையில் நின்று சாப்பாடு பரிமாறும்போது வந்தது.

மூன்று மாதம் ஆன பிறகு டாக்டரம்மா, குழாய் அப்படியேதான் இருக்கிறது, மறுபடி முயற்சி செய்யலாம், இல்லை டெஸ்ட் ட்யூப் போகலாம் என்றார். வெளியே வந்ததும் இவர், “போதும் அம்மிணி. உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? இனி வேண்டாம்” என்றார்.

“எனக்கு வேணுமுங்க” என்றேன்.

அவர் திகைத்துப் போனார். நானும்தான். “இப்பச் சொல்றயா? நெசமாவா?”

“தெரியலீங்க” என்றேன்.

நிஜமாகவே தெரியவில்லை. அவருக்காகப் போனவள் நான். அவர் வேண்டாம் என்ற நிமிடத்தில் எனக்கு எங்கிருந்து வந்தது அந்த ஆசை? கரைந்துபோனதைக் கேட்டேனா, புதிதாக ஒன்றைக் கேட்டேனா? சில மாதம் அவர், “போலாமா?” என்பார், நான், “பாக்கலாமுங்க” என்பேன். பிறகு நான் கேட்பேன், அவர் பயப்படுவார். எனக்கு நாற்பது முடிந்தது. வேண்டாம் என்று நாங்கள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பிறக்கவில்லை.

பெரியவள் இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது, கேட்காமலே ஒரு பேப்பரில் கருப்பையும் குழாயும் வரைந்து, என்ன நடந்தது என்று எனக்கு விளக்கினாள். டாக்டரம்மா சொன்னதைவிட எனக்குப் புரிந்தது. பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

“பொறந்திருந்தா என்னம்மா பேரு வெச்சிருப்பே?”

“யோசிக்கலயே சாமி” என்றேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர், “நான் யோசிச்சு வெச்சிருந்தேன்” என்றார். சொல்லிவிட்டு, பண்ணைக்குக் கிளம்பிப் போய்விட்டார். என்ன பேர் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அப்போதாவது எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். ஏன் உட்கார்ந்தே இருந்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.