எல்லார் கையாலும் சாப்பிட்ட பசு

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மாட்டுப் பொங்கல் உண்டு, மாடுதான் கிடையாது. அறுபதுகளில், நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயதில், இந்தக் குறையைத் தீர்க்கத் தெருச் சங்கம் ஒரு பசுவை வரவழைத்தது. நாங்கள் பையா என்று கூப்பிடும் வடநாட்டுப் பால்காரரின் பசு. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். சங்கத்துக்குக் காரியதரிசி என் அப்பா.

முதல் வருஷம் பசு பாதிப் பேரிடம் வாங்கித் தின்றுவிட்டு, மற்றவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோமாதாவே வேண்டாமென்று விட்டாளே என்று பல வீடுகளில் விசாரம். அதனால் அடுத்த வருஷம் அப்பா முன்யோசனையோடு, முந்தின நாள் காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு பையாவிடம் போனார். பண்டிகை முடியும்வரை அதற்குத் தீனி போடக் கூடாது, எல்லார் கையாலும் அது சாப்பிட வேண்டும் என்று ஆபீஸ் ஹிந்தியில் சொன்னார். பையா தயங்கினார். பிறகு பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் பசு ஒருவரையும் ஏமாற்றவில்லை. காக்கைக்குக் கனுப்பிடி வைத்த கையோடு மாமிகள் வர, அப்பா வரிசையாக அனுப்ப, அத்தனை பேரிடமும் சர்க்கரைப் பொங்கலை வாங்கித் தின்றது. மத்தியானம் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. பையா எண்ணெய் புகட்டினார், வயிற்றைத் தேய்த்தார், எழுப்பி நடக்கவிடப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அது செத்துப்போயிற்று. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

வீட்டில் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

“இது சங்கம் பண்ணின காரியம், அத்திம்பேர்.”

“சங்கமா ஊட்டித்து? அவாவா கையால குடுத்தா. ஜனங்களுக்கு ஒரு அளவு வேண்டாமோ?” என்றார் அப்பா.

யார் கொடுத்ததில் பசு செத்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் விசாரித்தேன்.

“ஒரே ஒரு உருண்டைதாண்டி குடுத்தோம். அதுல என்ன ஆயிடும்?” என்றாள் எதிர்வீட்டு மாமி.

எல்லா மாமிகளும் அதையேதான் சொன்னார்கள். ஒரு உருண்டையில் மாடு சாகாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் எந்த உருண்டையில் செத்தது? மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் அப்பாவிடமே வந்தேன்.

“நீ எத்தனை உருண்டை குடுத்தேப்பா?”

“நான் எங்கேடி குடுத்தேன்? வரிசையைப் பாத்துக்கவே சரியாப் போச்சு” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. தெருவிலேயே அந்தப் பசுவுக்கு ஒன்றும் கொடுக்காதவர் அப்பா ஒருவர்தான். மாமாவிடம் ஓடிப்போய், அப்பா மேல் தப்பே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.