நான்காவது தண்ணீர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறேழு வருடமாகிறது. கொப்பி வாங்கி வைத்தேன். இரண்டு வரி எழுதுவேன், கிழிப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை வரும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, வெட்கம். மௌத்து வந்து கண்ணை மூடுமுன் எழுதி முடிக்க அல்லாஹ்விடம் தைரியம் கேட்டுத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

கனமூலைப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்வளவில் நானும் மனைவியும் துணிக்குச் சாயம் போடுகிறோம். சாயம் போடுவதுதான் பெரிய வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பெரிய வேலை அதற்கு முதலே இருக்கிறது. தறியில் நூல் அறாமல் இருக்கக் கஞ்சி பூசித்தான் நெய்வார்கள். அந்தக் கஞ்சி போகும் வரை சாயம் உள்ளே இறங்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கஞ்சி கரைக்கும் பொடியைப் போட்டு, துணியை அரை நாள் ஊறவைத்து, பிறகு சுடுதண்ணீரில் அலச வேண்டும். அலசிய துணியில் புண்ணுக்குப் பூசும் அயடீனை ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். நீலமாகக் கறுத்தால் கஞ்சி மிச்சம். மஞ்சளாகவே நின்றால் போய்விட்டது.

அலசும் வேலையைச் செய்தவர் எங்கள் வீட்டுச் சந்தில், அதே ஒழுங்கையில், இருந்த ஒரு விதவைப் பெண். தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர். என்னை அண்ணன் முறையில் நானா என்பார், மனைவியை அக்கா முறையில் தாத்தா என்பார். வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம்.

இது நடந்த வருடம் மழை இல்லை. எங்கள் கிணறு உப்புக் கரித்தது. நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும், சில கிழமை வராது. சிலாபத்து உடுப்புக் கடைக்காரர் ஒருவர், பெண்பிள்ளைகளின் மதரஸா ஒன்றுக்காகப் பச்சைச் சாயம் போடத் துணி தந்திருந்தார். மூன்று தரம் அலசிய பின் அந்தப் பெண் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நானா, இன்னம் வழுவழுண்டு இரிக்கி. இன்னொரு தண்ணி ஊத்துவம். அந்த அயடீன் போத்தலையும் தாங்க."

"போதும் தங்கச்சி. தொழ முந்திக் கழுவுற ஒளுவுக்கே மூணு தரந்தான்."

"ஒளு எடுக்கிற கைக்கு ஆரும் கஞ்சி போட்டாங்களா நானா?"

குசினி வாசலில் நின்ற மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"மார்க்கத்தில விளையாடாத. காயப் போடு" என்றேன்.

தண்ணீரை மிச்சம் பிடிக்க மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று தரம் கழுவினால் சுத்தம், அதற்கு மேல் கழுவுவது ஷைத்தான் மனதில் போடும் வீண் சந்தேகம், வஸ்வாஸ் என்று கேட்டு வளர்ந்தவன் நான். தொழுகைக்குச் சுத்தமான துணி சாயத்துக்கும் சுத்தம் என்று மனதார நம்பினேன். அயடீன் போத்தல் அலுமாரியில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

சாயம் போட்டுக் காய்ந்த துணியைப் பார்த்ததும் மனைவி தலையில் கை வைத்தாள். தேமல் விழுந்த முதுகு மாதிரி, பச்சையும் வெளிறலுமாகத் திட்டுத் திட்டாக நின்றது. கடைக்காரர் வந்தார். துணியை எங்கள் வாசலிலேயே விரித்துப் போட்டார். ஒழுங்கைப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"இத ஆர் கழுவின?" என்று கேட்டார்.

"கழுவுறது அவதான்" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான்தான் போதும் என்றதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் துணியை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"தண்ணி அள்ளச் சோம்பல்ல பஞ்சிப்பட்டு அலசாம விட்டவ" என்ற கதை அவருக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அவருக்குக் கழுவுகிற வேலை கொடுக்கவில்லை. கற்பிட்டிப் பக்கம் கருவாடு காயவைக்கப் போனார். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்போம், பெருநாள் கழியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அப்படியே இரண்டு பெருநாள் போனது. பிறகு அவரைச் சிலாபம் ஆஸ்பத்திரியிலிருந்து மையித்தாக, உயிர் போன உடம்பாகத்தான் கொண்டுவந்தார்கள்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய காக்கா எழுந்து நின்றார். "என்ட தங்கச்சியால ஆருக்காவது மனசு நொந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்றார். எங்களில் வழமையாகக் கேட்பதுதான். சுற்றிவர "மன்னிச்சிட்டம், மன்னிச்சிட்டம்" என்றார்கள். என் வாயும் அதைச் சொன்னது. அந்தப் பெண்ணை மன்னிக்க நான் யார்?

பள்ளிவாசல் மௌலவியிடம் முழுவதையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்காகத் துஆச் செய்யுங்கள், அவர் பேரில் ஏழைகளுக்கு ஸதகா கொடுங்கள், பழி சொன்ன இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். "அவ மன்னிப்பாவா ஹஸரத்?" என்று கேட்டேன். அது மறுமையில், மஹ்ஷரில்தான் தெரியும் என்றார்.

சிலாபத்துக்குப் போனேன். கடைக்காரர் தேத்தண்ணி தந்தார். நான் சொல்லி முடித்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தப் பொம்புள? எந்தத் துணி? அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதையே."

ஒழுங்கையிலும் சொன்னேன். "பாவம், மௌத்தாப் போனவ மேல நல்லெண்ணம் வச்சுப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க" என்றார்கள். என்னை இன்னும் நல்லவனாக்கிவிட்டார்கள். "இனி ஆர்ட்ட சொல்லி என்ன?" என்றாள் மனைவி. அவளும் அன்று வாசலில் நின்றவள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்கு மேல் பேசுவதில்லை.

இப்போது ஒவ்வொரு துணிக்கும் அயடீன் விட்டுத்தான் பார்க்கிறேன். துணி நன்றாக வருகிறது. மனம் ஆறவில்லை. ஆறும் என்ற எண்ணமும் போய்விட்டது.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கருவாடு காயவைக்கும் வாடியிலோ பஸ்ஸிலோ அலசாமல் விட்ட ஒரு பெண்ணின் கதையை யாராவது எடுத்தால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். உள்ளபடி சொல்லுங்கள். நான் ஐந்து நேரம் தொழுகிறவன், பாவமன்னிப்புக் கேட்டு அழுது தௌபா செய்தவன் என்று சேர்க்க வேண்டாம். என்மேல் இரக்கம் வரும்படி ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.